டேப்லெட்டுக்கா, உருளைக்கா? ஓவிய மாணவர்களின் செலவுக் கணக்கு

கேள்வி: என் மகள் கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் படிக்கிறாள். கணினியில் வரைந்த படத்தை லைனோவில் (செதுக்குவதற்கான லினோலியத் தகடு) செதுக்கி அச்செடுப்பதுதான் அவளுக்குப் பிடித்த வேலை. பேனாவால் திரை மேலேயே வரையும் டேப்லெட் கேட்கிறாள். கையில் இருப்பது 20,000 ரூபாய். வாங்கிக் கொடுக்கலாமா? (தருமபுரி வாசகர்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். வீட்டில் கணினி இருப்பதால் திரையில்லாத பேனா டேப்லெட்டே போதும். மானிட்டரைப் பார்த்துக்கொண்டே கீழே வரைய ஓரிரு வாரங்களில் கை பழகிவிடும். பேனாவை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைப் பிரித்தறியும் அழுத்த நிலை 8192 என்று போட்டிருந்தால் தாராளம். 16384-க்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். சார்ஜ் தேவைப்படாத பேனாவா, மாற்று முனைகள் தனியாகக் கிடைக்குமா என்பதைத்தான் விசாரிக்க வேண்டும். முனை தேயும் பொருள், அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். படம் வரையும் மென்பொருளுக்குக் கிருதா இருக்கிறது, முழுக்க இலவசம்.

மிச்சப் பணத்தை அச்சுப் பக்கம் போடுங்கள். நல்ல வெட்டுளிகள், தீட்டுக்கல், மை தடவ 10 செ.மீ. அகல மென்ரப்பர் உருளை, எண்ணெய் மை. உருளை தரம் குறைந்ததாக இருந்தால் எவ்வளவு நன்றாகச் செதுக்கினாலும் அச்சு திட்டுத்திட்டாகத்தான் வரும். வாங்கும்போது கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். அடியில் வெளிச்சம் கசிந்தால் அந்த உருளை வேண்டாம்.

லைனோ கெட்டியாக இருந்து உளி வழுக்கினால், பத்து நிமிடம் வெயிலில் வையுங்கள், இளகிவிடும். கையை எப்போதும் உளிக்குப் பின்னால் வைக்க வேண்டும். மையைக் கண்ணாடியில் மெல்லிய படலமாகத் தேய்க்கும்போது சரசரவென்று ஒலி வர வேண்டும். சளசளவென்று கேட்டால் மை அதிகம், நுண்கோடுகள் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் மை நம் சித்திரை வெயிலில் கண்ணாடியிலேயே காய்ந்துவிடும், அதனால்தான் எண்ணெய் மை என்கிறோம். வேலை முடிந்ததும் சமையல் எண்ணெயால் துடைத்து, பிறகு சோப்பு போட்டுக் கழுவலாம்.

படத்தை லைனோவுக்கு மாற்றுவதில்தான் பலர் தவறுகிறார்கள். ஜெராக்ஸ் கடையின் லேசர் பிரதியை முகம் கீழாக வைத்து, பின்புறம் அசிட்டோன் என்ற கரைப்பான் தொட்ட பஞ்சால் அழுத்தினால் பிரதியின் கறுப்பு மை லைனோவில் ஒட்டும். இப்படிச் செய்வதாக இருந்தால் கணினியில் படத்தை இடவலமாகத் திருப்பவே கூடாது. கவிழ்க்கும்போது ஒருமுறை, அச்சிடும்போது ஒருமுறை என்று அது தானாகவே இரண்டு முறை திரும்பி நேராகிவிடும். கார்பன் தாளில் வரைந்து மாற்றினால்தான் முன்கூட்டியே திருப்ப வேண்டும். தமிழ் எழுத்து உள்ள படத்தில் இதை மறந்தால் செதுக்கியதெல்லாம் வீண். இங்க்ஜெட் பிரதி இதற்கு உதவாது, அதில் டோனர் (லேசர் அச்சின் பொடி மை) இல்லை. அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்புப் பக்கம் போகாமல் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: திரையில் பளிச்சென்று இருந்த நீலம் அச்சில் மங்கிவிட்டது. கடைக்காரர் மறுபடி அடித்துத் தர மறுக்கிறார். (கிருஷ்ணகிரி வாசகர்)

பதில்: பெரும்பாலும் கடைக்காரர் மேல் தவறு இருக்காது. திரை ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) ஒளியில் காட்டும் மின்னல் நீலத்தை, அச்சில் பயன்படும் சிஎம்ஒய்கே (சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) மையால் கொண்டுவர முடியாது. கிருதாவில் ‘சாஃப்ட் புரூஃபிங்’ போட்டால் அச்சில் எப்படி வரும் என்று ஓரளவு முன்பே தெரியும்.  முழுப்படம் அடிப்பதற்கு முன் சந்தேகமான நிறங்களை மட்டும் சிறு துண்டாக அதே தாளில் அடித்து, பகல் வெளிச்சத்தில் பார்த்து, அதில் கடைக்காரரின் கையொப்பம் வாங்குங்கள். அந்தத் துண்டிலிருந்து மாறி வந்தால்தான் மறு அச்சு கேட்க உங்களுக்கு உரிமை.

கேள்வி: இணையத்தில் வாங்கிய மை டியூப் உள்ளே காய்ந்து கிடந்தது. பணத்தைத் திருப்பித் தரவில்லை. (ஓசூர் வாசகர்)

பதில்: பில், டியூப், படங்கள் எதையும் எறியாதீர்கள். முதலில் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் ஒப்புகையும், ஒரு மாதத்தில் தீர்வும் தர வேண்டும். அப்புறமும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். அதுவும் பலிக்காவிட்டால் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுங்கள். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. காலவரம்பு 2 ஆண்டுகள்.