ஒரு முடி அகலம்: வாசகர் கேள்வி, அவர் பதில்

(அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் பியூப்ளோ நகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர், 1897-ல் செய்த துப்பாக்கியால் இலக்குச் சுடும் தன் பொழுதுபோக்கைப் பற்றிச் சென்ற இதழில் அரைப்பக்கம் எழுதியிருந்தார். தோட்டாவையும் வீட்டிலேயே தயாரிப்பதாக அதில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்கு வந்து குவிந்த கடிதங்களில் சிலவற்றுக்கு அவரே பதில் எழுதியிருக்கிறார்.)

அம்மா, அது என்ன துப்பாக்கி? உங்கள் கைக்கு எப்படி வந்தது?
(வாசகி, கோயம்புத்தூர்)

வின்செஸ்டர் 1894. அரிய பொருள் என்று எண்ண வேண்டாம். கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் 2006 வரை எழுபது லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். வடிவமைத்தவர் யூட்டா மாநிலத்து ஜான் பிரவுனிங். விசையைச் சுற்றி ஒரு வளையமும் அதன் பின்னால் நீண்ட கைப்பிடியும் இருக்கும். அதுதான் லீவர். கீழே தள்ளினால் சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூடு வெளியே துள்ளும். மேலே இழுத்தால் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். அவ்வளவுதான் இயந்திரம்.

மருந்துக் கடையில் இரத்த அழுத்த மாத்திரை வாங்க வரும் ஒரு மாட்டுப் பண்ணைக்காரர், தட்டில் மாத்திரைகளை ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணும் என் கையையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருநாள், "இந்தக் கை நடுங்கவே இல்லையே, ஞாயிற்றுக்கிழமை சுட வருகிறாயா?" என்று கேட்டார். எனக்கு அப்போது 51 வயது. துப்பாக்கியைத் தொட்டதுகூடக் கிடையாது. போனேன். அவர் காலமான பிறகு அவர் மனைவி இதை எனக்கே விற்றுவிட்டார். விலையைக் கேட்காதீர்கள், எனக்கே வெட்கமாக இருக்கும் அளவுக்குக் குறைவு.

வயோமிங் மாநிலத்தின் கோடி என்ற ஊரில் உள்ள அருங்காட்சியகத்தில் வின்செஸ்டர் தொழிற்சாலையின் பழைய பேரேடுகள் இருக்கின்றன. துப்பாக்கியின் எண்ணை எழுதிக் கட்டணம் கட்டினால் ஜாதகம் போல ஒரு கடிதம் அனுப்புவார்கள். என்னுடையதன் ஜாதகம்: எண்கோணக் குழல், 38-55 என்ற வகைத் தோட்டா, 1897. இந்த ஆண்டுக்கு ஒரு பொருள் உண்டு. 1898 முடியச் செய்தவை 1968-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி தொல்பொருள் வகையில் சேரும். மாநிலச் சட்டங்கள் வேறு வேறு என்பதால் அதை நம்பி யாரும் ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது.

கடையில் தோட்டா விற்கும்போது எதற்கு இந்த வேலை? சிக்கனமா, பிடிவாதமா?
(வாசகர், மதுரை)

முதலில் சிக்கனம் என்றுதான் நினைத்தேன். கருவிகள் வாங்கிய கணக்கைக் கூட்டியதும் அந்த நினைப்பு போய்விட்டது. காரணம் ஒரு முடி அகலம்.

கடைத் தோட்டாவை வைத்து 100 கெஜத்தில் சுட்டேன். பத்துக் குண்டும் தோசைக்கல் அளவுக்குப் பரவின. என் கண்ணைச் சந்தேகித்தேன், மூச்சைச் சந்தேகித்தேன், புதுக் கண்ணாடிகூட மாற்றினேன். கடைசியில் மைதானத்தில் ஒருவர் "குழலை அளந்தாயா?" என்று கேட்டார். அளப்பது எளிது. மென்மையான ஈயத்துண்டு ஒன்றுக்கு எண்ணெய் தடவிக் குழலுக்குள் விட்டு, கட்டையால் தட்டித் தட்டி மறுமுனை வரை தள்ள வேண்டும். வெளியே விழும் ஈயத்தில், குண்டைச் சுழல வைக்கும் குழலின் உட்புறப் புரிகள் அச்சாகப் பதிந்திருக்கும். அதை மைக்ரோமீட்டரில் வைத்தேன். 0.380 அங்குலம். கடைத் தோட்டாவின் குண்டு 0.377. இடைவெளி 0.003 அங்குலம், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். அந்தச் சந்தில் சூடான வாயு குண்டை முந்திக்கொண்டு போகிறது, ஈயத்தின் ஓரத்தை அரிக்கிறது, புரியும் சரியாகப் பிடிப்பதில்லை. குண்டு சுழலாமல் தள்ளாடிப் போகிறது. அந்தக் காலத்து 38-55 குழல்கள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. பெட்டியில் அச்சிட்ட எண் ஒரே எண்தான். என் குழலுக்கு என் குண்டை நான்தான் வார்க்க வேண்டும்.

என் அப்பா நாகர்கோவிலில் நகைத்தொழில் செய்தவர். ஊதுகுழலும் மூசையும் பார்த்து வளர்ந்தவள் என்பதால் உலோகத்தை உருக்குவதில் எனக்குக் கூச்சம் இல்லை. ஈயத்தில் இருபதுக்கு ஒன்று வெள்ளீயம் சேர்க்கிறேன், அச்சின் மூலை முடுக்கெல்லாம் ஓடிப்போய் நிரம்புவதற்காக. அச்சு சூடேறாத முதல் நான்கைந்து குண்டுகள் கிழவர் கன்னம் போலச் சுருங்கி வரும். முதல் ஆப்பம் சரியாக வராதே, அதுபோலத்தான். அவற்றைத் திரும்ப ஈயம் உருக்கும் சட்டியிலேயே போட்டுவிடுவேன். அளவு மீறிச் சூடேறினால் உறைபனி படிந்ததுபோல் வெளுக்கும். முனையில் சிறு குறை இருந்தால் பொறுத்துக்கொள்வேன். அடிப்பாகத்தின் விளிம்பு மழுங்கியிருந்தால் பொறுக்க மாட்டேன். குழலை விட்டு வெளியேறும் கடைசி நொடியில் குண்டைத் திசை திருப்புவது அந்த விளிம்புதான்.

பிறகு எடை. குண்டையும் மருந்தையும் இங்கே கிரெய்னில்தான் நிறுக்கிறார்கள். ஒரு கிரெய்ன் 65 மில்லிகிராம். இது எங்கள் தொழிலின் பழைய அளவு. 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் என்று அசட்டுத்தனமான ஒரு எண்ணில் மாத்திரை வருகிறதே, அது பழைய ஐந்து கிரெய்ன்தான். என் குண்டு 255 கிரெய்ன், பதினாறரை கிராம். மற்றவற்றைவிட இரண்டு மூன்று கிரெய்ன் குறைந்தால் உள்ளே காற்றுக்குமிழ் இருக்கிறது என்று பொருள், அதுவும் சட்டிக்கே போகும்.

இப்போது பத்துக் குண்டும் ஒரு தேங்காய் மூடிக்குள் விழுகின்றன. கண்ணாடி மாற்றியது வீண் செலவு.

பித்தளைக் கூட்டை எத்தனை முறை பயன்படுத்தலாம்?
(வாசகர், கும்பகோணம்)

எண்ணிக்கையை நம்புவதில்லை, காதை நம்புகிறேன். சுட்ட கூடுகளைக் கழுவிக் காயவைத்து, மூன்று நான்கை உள்ளங்கையில் போட்டுக் குலுக்குவேன். நல்ல கூடு கணீரென்று ஒலிக்கும். கழுத்தில் விரிசல் விட்டது மட்டும் மந்தமாகத் தட்டும். பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்ப்பீர்களே, அதே கதைதான். கும்பகோணத்துக்காரருக்கு நான் வெண்கல ஓசையைப் பற்றிச் சொல்லித் தருவது அதிகப்பிரசங்கித்தனம்.

நீங்கள் இடுவது எங்கள் ஊர்க் கருமருந்தா, புகை வராத மருந்தா?
(வாசகர், சிவகாசி)

இரண்டும். இந்தத் துப்பாக்கி பிறந்தது அந்த இரண்டு காலங்களின் வாசற்படியில். 1894-ல் வெளிவந்தபோது கருமருந்துத் தோட்டாக்களுக்குத்தான் செய்தார்கள். புகையில்லா மருந்தைத் தாங்கும் நிக்கல் எஃகுக் குழலுடன் 30-30 தோட்டாவுக்கு வந்தது 1895-ல். என்னுடையது பழைய எஃகு. அதனால் புகையில்லா மருந்து இட்டாலும் மிக மென்மையாகத்தான் இடுகிறேன். எவ்வளவு என்று கேட்டு நான்கு கடிதங்கள் வந்திருக்கின்றன. எழுத மாட்டேன். அடுத்தவர் சீட்டில் எழுதிய மருந்தை வாங்கி விழுங்காதீர்கள் என்று முப்பது வருடம் சொன்னவள் நான்.

கருமருந்தின் மணம் எனக்குப் பிடிக்கும், தீபாவளி அதிகாலையை வாங்க முடிகிற ஒரே கடை அது. ஆனால் கரி படியும். எங்கள் பக்கத்து வறண்ட காற்றில் அது குழலுக்குள் ஓடு போல இறுகி, பத்துச் சுடுதலுக்குள் குறி கலையத் தொடங்கும். படிவு ஈரத்தையும் இழுக்கும், ஒரு வாரம் மறந்தால் துரு. சுட்ட அன்றே வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவ வேண்டும். துப்பாக்கியைப் பாத்திரம் போலத் தேய்க்கிறாயே என்று என் கணவர் கேலி செய்வார். போட்டிக்கு மட்டும் புகையில்லாதது.

வீட்டில் வெடிமருந்தை வைத்துக்கொண்டு உங்களுக்குப் பயமே இல்லையா?
(வாசகி, டொரன்டோ)

இருக்கிறது. இருப்பதால்தான் இன்னும் பத்து விரலும் இருக்கின்றன.

எட்டு வருடங்களுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். தோட்டா தயாரித்துக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து அக்கா தொலைபேசியில் அழைத்தாள். காதில் பேச்சு, கையில் வேலை. புகையில்லா மருந்து கொஞ்சம்தான் இடுவோம், கூட்டின் அடியில் கிடக்கும். மேலிருந்து பார்த்தால் இருப்பதும் இல்லாததும் ஒன்றுபோல இருட்டு. மறுநாள் மைதானத்தில் ஆறாவது தோட்டாவுக்கு விசையை அழுத்தினேன். வழக்கமான அதிர்வு இல்லை. ஈரப் பட்டாசு போலப் 'புஸ்' என்று ஓர் ஒலி. என் கை பழக்கத்தில் லீவரைத் தள்ளி அடுத்ததை ஏற்றிவிட்டது. பக்கத்தில் நின்றவர் "நிறுத்து!" என்று கத்தியிராவிட்டால் விசையையும் இழுத்திருப்பேன்.

அந்தக் கூட்டில் மருந்தே இல்லை. மருந்தைப் பற்றவைக்க அடியில் உள்ள பிரைமர் மட்டும் வெடித்து, குண்டைக் குழலுக்குள் நான்கு அங்குலம் தள்ளி, அங்கேயே விட்டுவிட்டது. அடைபட்ட குழலில் அடுத்த குண்டு போய் மோதியிருந்தால் நூறாண்டு எஃகு என் இடது கையருகே பிளந்திருக்கும். ஏற்றிய தோட்டாவை நான் வெளியே எடுத்தபோது, மாத்திரை எண்ணும்போதுகூட நடுங்காத கை நடுங்கியது. குண்டைக் கட்டையால் தட்டி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இப்போது என் தராசுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இல்லாமல் போவது ஓர் ஆபத்து என்றால் இரண்டு முறை இட்டுவிடுவது அதைவிடப் பெரிது. (கருமருந்தில் அந்தத் தொல்லை இல்லை, ஒரு முறை இட்டாலே கூடு நிறைந்துவிடும்.) இப்போது ஐம்பது கூடுகளையும் மரப்பலகைக் குழிகளில் நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொன்றையும் பார்த்த பிறகே குண்டை வைக்கிறேன். தொலைபேசி அடுத்த அறையில். அக்காவுக்கு இன்றும் வருத்தம்.

குண்டின் மூக்கு தட்டையாக ஏன் என்று நெல்லை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார், அதுவும் இதில் சேர்ந்ததுதான். லீவர் துப்பாக்கியில் சுடும் குழலுக்கு அடியில் இன்னொரு குழாய் உண்டு. அதில் தோட்டாக்கள் ரயில் பெட்டி போல ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் இருப்பதன் மூக்கு முன்னால் இருப்பதன் பிரைமரைத் தொடும். கூர்மையாக இருந்தால் சுடும் அதிர்ச்சியில் அதுவே ஊசியாகிவிடலாம்.

ஈயம் நஞ்சாயிற்றே?
(மருத்துவர், திருச்சி)

ஆம் டாக்டர். திறந்த வெளியில்தான் உருக்குகிறேன். அந்த உடை வீட்டுக்குள் வராது. வருடம் ஒருமுறை இரத்தத்தில் ஈய அளவு பார்க்கிறேன். பேரக் குழந்தைகள் வரும் வாரத்தில் சட்டி பூட்டிக் கிடக்கும்.

நான் கல்லூரி மாணவன். இங்கே நானும் தோட்டா செய்யலாமா?
(சென்னை)

கூடாது தம்பி. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும், அது இல்லாமல் பொழுதுபோக்காகச் செய்ய முடியாது. சுட ஆசையா, ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து காற்றுத் துப்பாக்கியில் தொடங்கு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அளவில் பதக்கம் வாங்கியது 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில்தான்.

படங்களில் கௌபாய்கள் ஒற்றைக் கையில் துப்பாக்கியைச் சுழற்றி லீவர் இழுக்கிறார்களே, நீங்கள்?
(வாசகர், பாண்டிச்சேரி)

என்னுடையது மூன்றரைக் கிலோ. சுழற்றினால் எலும்பு மருத்துவரிடம்தான் நிற்க வேண்டும்.

கௌபாய் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. லீவர் துப்பாக்கியின் வம்சத்தைப் பின்னோக்கித் தேடிப் போனால் வால்டர் ஹன்ட் என்ற நியூயார்க்காரரிடம் போய் நிற்கும். 1849-ல் அவர் இரண்டு காப்புரிமை வாங்கினார். ஒன்று அடுத்தடுத்துச் சுடும் துப்பாக்கிக்கு. மற்றொன்று, நாம் புடவை முந்தானையில் குத்துகிறோமே, அந்த ஊக்குக்கு. அந்தத் துப்பாக்கி பல கை மாறி, ஆலிவர் வின்செஸ்டர் என்ற சட்டை வியாபாரியிடம் வந்து சேர்ந்தது. ஊக்கும் சட்டையும் சேர்ந்து பெற்ற பிள்ளையைத்தான் நாம் வீரத்தின் சின்னம் என்கிறோம்.

விலங்குகளைச் சுடுவீர்களா? உங்கள் சிறந்த மதிப்பெண் என்ன?
(வாசகி, தூத்துக்குடி)

சுடுவேன், இரும்பு விலங்குகளை. மெக்சிகோவிலிருந்து வந்த விளையாட்டு இது. எஃகுத் தகட்டில் வெட்டிய கோழி 50 மீட்டரில், பன்றி 100-ல், வான்கோழி 150-ல், கடா 200-ல் நிற்கும். வகைக்குப் பத்து. நின்றபடி, எதிலும் சாயாமல் சுட வேண்டும். தொலைநோக்கி கிடையாது. பட்டால் போதாது, விழ வேண்டும். கடா இருபத்தைந்து கிலோ கனக்கும்.

நியூ மெக்சிகோவின் ரேட்டோன் ஊருக்குப் பக்கத்தில் இதற்கென்றே பெரிய மைதானம் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து மலைக்கணவாய் தாண்டி இரண்டு மணி நேரம். சாந்தா ஃபே பாதையில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வண்டிச் சக்கரங்கள் பதித்த தடம் இன்னும் அந்தப் புல்வெளியில் தெரிகிறது. பிற்பகலில் காற்று கிளம்பினால் குண்டைத் தள்ளிக்கொண்டு போய்விடும்.

என் சிறந்த நாள் நாற்பதுக்கு 23. கோழி ஒன்பது, பன்றி ஏழு, வான்கோழி நான்கு, கடா மூன்று. 200 மீட்டரில் சுட்டால் குண்டு போய்ச் சேரவும் ஒலி திரும்பி வரவும் ஒரு விநாடிக்குச் சற்று மேல் ஆகும். துப்பாக்கியைத் தாழ்த்திய பிறகுதான் 'டங்' வரும். மூன்றாவது கடாவுக்கு 'டங்' வந்தது, ஆனால் அது விழவில்லை. முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு நின்றது. பின்னால் நின்றவர்கள் எல்லாரும் சேர்ந்து ஊதினார்கள். விழுந்தது.