ட்ரெட்மில்லில் ஓடினால் தசை கரையுமா?

கேள்வி: வயது 27, எடை 74 கிலோ. ஒரு வருடமாக ஜிம் போகிறேன். கை, தோள் கொஞ்சம் ஏறியிருக்கிறது, தொப்பை மட்டும் அசையவே இல்லை. கார்டியோ (ஓட்டம், சைக்கிள் மாதிரி மூச்சு வாங்க வைக்கும் பயிற்சி) பண்ணு, குறையும் என்கிறார்கள் வீட்டில். ஜிம் மாஸ்டரோ, ட்ரெட்மில் பக்கம் போகாதே, ஏற்றிய தசையெல்லாம் கரைந்துவிடும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? (வாசகர், ஓசூர்)

பதில்: மாஸ்டர் சும்மா பயமுறுத்தவில்லை தம்பி, அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1980-ல் அமெரிக்காவில் ராபர்ட் ஹிக்சன் என்பவர் 10 வாரம் நடத்தியது. சிலருக்கு வெயிட் தூக்குவது மட்டும், சிலருக்கு ஓட்டமும் சைக்கிளும் மட்டும், இன்னும் சிலருக்கு இரண்டும். இரண்டையும் செய்தவர்களுக்கு முதல் ஏழு வாரம் வரை கால் பலம் நன்றாகத்தான் ஏறியது, அப்புறம் நின்றது, கடைசி இரண்டு வாரத்தில் இறங்கவே ஆரம்பித்துவிட்டது. ஆனால் அவர்கள் செய்த வேலையைப் பாருங்கள்: வாரத்தில் 5 நாள் கடுமையான கால் பயிற்சி, அதோடு 6 நாள், நாளுக்கு 40 நிமிடம், மூச்சு முட்ட ஓட்டமோ சைக்கிளோ. நீங்களும் நானும் அந்த அளவுக்குப் போகப்போவதில்லை.

பிறகு வந்த ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்து 2022-ல் அலசியபோது, கார்டியோவும் வெயிட்டும் சேர்ந்து செய்வதால் தசை வளர்ச்சி தடைபடவில்லை என்றுதான் தெரிந்தது. அதிகபட்ச பலமும் குறையவில்லை. குதிப்பது, சட்டென்று வெடித்துக் கிளம்புவது மாதிரியான வேகமான பலம் மட்டும் கொஞ்சம் அடிவாங்கலாம், அதுவும் இரண்டையும் ஒரே வேளையில் அடுத்தடுத்துச் செய்தால்தான்.

அப்படியானால் ஜிம்மில் சிலருக்குக் கண்ணெதிரே தசை வற்றுகிறதே, அது எப்படி? பெரும்பாலும் சாப்பாட்டில்தான் கோளாறு. தொப்பை குறைய வேண்டும் என்று ராத்திரி சாப்பாட்டை நிறுத்துவார்கள், காலையில் ஒரு மணி நேரம் ஓடுவார்கள், களைப்பில் தூக்கும் வெயிட்டையும் பாதியாகக் குறைத்துவிடுவார்கள். இத்தனையும் சேர்ந்தால் உடம்பு தசையை எதற்கு வைத்துக்கொள்ளும்? பழி மட்டும் ட்ரெட்மில் மேல் விழுகிறது.

வீட்டில் சொல்வதிலும் ஒரு திருத்தம் உண்டு. உங்கள் எடைக்கு 5 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 370 கலோரி போகும். ஒரு மசால் தோசையும் காபியும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி, கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் நான்கு நாள் அப்படி ஓடி, சாப்பாட்டைக் கூட்டாமலும் இருந்தால், ஒரு கிலோ குறைய ஐந்து வாரத்துக்கு மேல் ஆகும். வயிற்றில் இருப்பதை மட்டும் தனியாகக் கரைக்கும் ஓட்டமும் கிடையாது, உடம்பு தன் இஷ்டத்துக்குத்தான் எடுக்கும், ஆண்களுக்குத் தொப்பை கடைசியில் போவது சகஜம்.

சரி, என்ன செய்யலாம்? தினமும் இப்போது சாப்பிடுவதில் 300, 400 கலோரி குறையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். புரதத்தை மட்டும் குறைக்கவே கூடாது. கிலோவுக்கு 1.6 கிராம் என்று வைத்தால் உங்களுக்கு 120 கிராம் அருகில் வருகிறது, நம் ஊர் இட்லி, சாம்பார், சாதத்தில் அது தேறாது. ஒரு முட்டையில் 6 கிராம்தான், அதனால் சிக்கன், மீன், பனீர், சுண்டல் எல்லாம் தட்டுக்கு வரவேண்டும். ஒரே நாளில் இரண்டும் என்றால் வெயிட்டை முதலில் முடித்துவிட்டு ட்ரெட்மில் ஏறுங்கள். வாரம் மூன்று நாள், அரை மணி நேரம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகம் போதும். கால் பயிற்சிக்கு மறுநாள் ஓடாமல் சைக்கிள் மிதித்தால் முட்டிக்கும் தொடைக்கும் நல்லது. ஸ்குவாட்டில் (எடையோடு உட்கார்ந்து எழும் பயிற்சி) தூக்கும் எடை இறங்காமல் இருக்கும்வரை தசையைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம்.

கேள்வி: வெறும் வயிற்றில் வாக்கிங் போனால் கொழுப்பு அதிகமாகக் கரையுமாமே? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: நடக்கும் அந்த நேரத்தில் கொழுப்பு கொஞ்சம் கூடுதலாக எரிவது உண்மைதான். ஆனால் மிச்ச நாளில் உடம்பு அதைச் சரிக்கட்டிவிடும், மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. உங்களுக்கு எது வசதியோ அப்படிப் போங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் வெறும் வயிற்றில் கிளம்பாதீர்கள்.

கேள்வி: ட்ரெட்மில் காட்டும் கலோரியை நம்பலாமா? (வாசகர், காரைக்குடி)

பதில்: உத்தேசக் கணக்குதான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே நடப்பவர் என்றால் அதிலும் கணிசமாகக் கழித்துக்கொள்ளுங்கள்.