பிண்ணாக்கைக் கூட்டியும் பாலில் கொழுப்பு குறைவது ஏன்?

கேள்வி: கலப்பின ஜெர்சி பசு, எடை 400 கிலோ இருக்கும். கன்று ஈன்று நான்கு மாதம் ஆகிறது, தினம் 12 லிட்டர் கறக்கிறது. நாளுக்கு 4 கிலோ கடலைப் பிண்ணாக்கு, 3 கிலோ அரிசிக் கஞ்சி, 400 மில்லி எண்ணெய் கொடுக்கிறேன். வைக்கோலைச் சரியாகத் தின்பதில்லை. சங்கத்தில் கொழுப்பு 2.9 என்கிறார்கள். மாடு மெலிந்துவிட்டது, சாணம் நுரையோடு இளகிப் போகிறது, இரண்டு முறை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. — பவானி அருகே ஒரு விவசாயி

பதில்: குறை மாட்டிடம் இல்லை ஐயா, தொட்டியில் இருக்கிறது. செலவுக்கு அஞ்சாமல் போடுகிறீர்கள். அந்தச் செலவே மாட்டை வாட்டுகிறது என்பதுதான் எனக்கு வருத்தம்.

தின்பதையெல்லாம் மனிதனைப் போலத் தானே செரித்துக்கொள்வதில்லை மாடு. அதன் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைத்து உண்டாக்கும் அசிட்டிக் அமிலம்தான் பால் கொழுப்பு உருவாக முக்கியமான மூலப்பொருள். வைக்கோல் குறைந்து கஞ்சி கூடினால் வயிற்றில் புளிப்பு ஏறும், நாரைச் செரிக்கும் கிருமிகள் ஒடுங்கும், அசை போடுவதும் குறையும். நுரைத்த சாணம் அதைத்தான் சொல்கிறது. எண்ணெய் ஊற்றினால் பாலில் கொழுப்பு ஏறும் என்று பலர் நம்புகிறார்கள். தீவனத்தின் உலர் எடையில் கொழுப்பு 5, 6 சதவீதத்தைத் தாண்டினால் அது நாரின் மேல் படிந்து செரிமானத்தைத் தடுக்கும். எண்ணெயை இன்றே நிறுத்துங்கள்.

இனி பிண்ணாக்கு. 4 கிலோவில் மட்டும் சுமார் 1.6 கிலோ புரதம் இருக்கிறது. 12 லிட்டர் பசுவுக்கு அன்றாடம் தேவைப்படுவதைவிட இதுவே அதிகம். மிஞ்சும் புரதம் அம்மோனியாவாக மாறுகிறது. அதை யூரியாவாக்கி வெளியேற்றக் கல்லீரல் சக்தியைச் செலவிடுகிறது. மாடு மெலிய இதுவும் ஒரு காரணம். இரத்தத்தில் யூரியா கூடினால் சினை பிடிப்பதும் தள்ளிப்போகும். ஆனாலும் கருப்பையை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

10 கிலோ கலவைக்கு மக்காச்சோள மாவு 4 கிலோ, கடலைப் பிண்ணாக்கு 2.2, கோதுமைத் தவிடு 3.5, தாது உப்புக் கலவை 200 கிராம், உப்பு 100 கிராம் சேருங்கள். புரதம் ஏறத்தாழ 17 சதவீதம் வரும். இதில் நாளுக்கு 5 கிலோவை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். பசுந்தீவனம் 20 கிலோ. அதில் 5 கிலோ வேலிமசால் என்னும் பயறுவகைத் தீவனமாக இருந்தால் நல்லது, மீதி கோ-4 என்னும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் போதும். வைக்கோல் 3 கிலோவை நறுக்கி, கலவைக்கு முன்பே வையுங்கள், பசியில் தின்றுவிடும்.

எண்ணெய் தவிர மற்றதை ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, 10 முதல் 15 நாளில் புதிய தீவனத்துக்குக் கொண்டுவாருங்கள். பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கு வேண்டவே வேண்டாம். அதன் நஞ்சு பாலிலும் இறங்கும்.

படுத்திருக்கும்போது மாடு நிதானமாக அசை போடுகிறதா என்று தினமும் பாருங்கள். அது சீரானால் சாணம் கெட்டிப்படும், கொழுப்பும் இரண்டு மூன்று வாரத்தில் ஏறத் தொடங்கும். இடையில் தீவனத்தை அறவே வெறுத்து, அசையும் நின்றுவிட்டால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.