கிளியூர் அருவி ஏன் வெள்ளையாகிப் போனது?

கேள்வி: சேலத்தில் சின்னதாக வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். போன வருடம் ஒரு பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவும் 18-55 லென்ஸும் வாங்கினேன். தண்ணீர் பட்டுத்துணி மாதிரி வரும் படம், வண்டி விளக்குகள் கோடு கோடாக ஓடும் படம், இப்படி எஃபெக்ட் படங்கள் எடுக்க ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏற்காட்டுக் கிளியூர் அருவியில் ட்ரைபாட் வைத்து 2 வினாடி ஷட்டர் போட்டேன். படம் முழுக்க வெள்ளை. ஏற்காடு மலைப்பாதையில் ராத்திரி எடுத்தது முழுக்கக் கறுப்பு, நடுவில் ஒரு கண்கூசும் வெளிச்சம், அவ்வளவுதான். திருப்பினால் இருட்டு கூடும் ஃபில்டர் ஒன்று ஆன்லைனில் பார்த்தேன். வாங்கலாமா? ஸ்டீல் வுல்லை (மெல்லிய இரும்பு நார்) பற்றவைத்துச் சுற்றி நெருப்புப் பொறி பறக்கும் படமும் எடுக்க வேண்டும். எங்கே எடுக்கலாம்?

பதில்: ஃபில்டரை இப்போதைக்கு வாங்காதீர்கள். உங்கள் கேமராவில் பழுது எதுவும் இல்லை. அருவியில் நடந்தது வெறும் கணக்குப் பிசகு.

நல்ல வெயிலில், ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 100 வைத்து அப்பர்ச்சரை (லென்ஸின் துவாரம்; எஃப் எண் கூடக் கூட அது சிறுக்கும்) எஃப் 16-க்குக் கொண்டுபோனால், சரியான ஷட்டர், அதாவது வெளிச்சம் உள்ளே போகும் நேரம், ஏறக்குறைய 1/100 வினாடி. ஃபிலிம் காலத்திலிருந்தே புகைப்படக்காரர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் கணக்கு இது. எஃப் 22 வரை மூடினாலும் 1/50-தான். நீங்கள் வைத்ததோ 2 வினாடி. வேண்டியதைப் போல நூறு மடங்கு வெளிச்சம் உள்ளே போயிருக்கிறது. வெள்ளையாகாமல் வேறு என்ன ஆகும்?

அதே அருவிக்கு, அதே லென்ஸோடு, மழைக்காலத்தில் மேகம் மூடிய மாலையில் போங்கள். அருவியில் தண்ணீர் இருப்பதும் அப்போதுதான். மர நிழலில் எஃப் 16, ஐஎஸ்ஓ 100 வைத்தால் ஷட்டர் தானாகவே 1/6 வினாடி பக்கம் வந்து நிற்கும். தண்ணீர் இழை பிரிந்து விழ ஆரம்பிப்பது அந்த இடத்தில்தான். கையில் காசு இருந்தால், லென்ஸ் முகப்பில் மாட்டும் போலரைசர் என்ற வேறொரு ஃபில்டரை வாங்குங்கள். வெளிச்சத்தை மூன்று நான்கு மடங்கு குறைக்கும், 1/6 என்பது அரை வினாடியைத் தாண்டிவிடும். ஈரப் பாறையிலும் இலையிலும் இருக்கும் வெள்ளைப் பளபளப்பையும் அது எடுத்துவிடுவதால் பச்சை, பச்சையாகத் தெரியும். கம்ப்யூட்டரில் பிறகு எவ்வளவு முயன்றாலும் இந்த வேலையை முழுசாகச் செய்ய முடியாது. வாங்கும்போது லென்ஸ் முகப்பில், குறுக்குக் கோடு போட்ட வட்டக் குறிக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைக் கடைக்காரரிடம் சொல்லுங்கள். அதுதான் ஃபில்டர் அளவு.

நீங்கள் பார்த்த ஃபில்டரை வேரியபிள் என்.டி. என்பார்கள். உள்ளே இரண்டு போலரைசர் கண்ணாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். மலிவான சரக்கை 18 எம்.எம்.மில், அதாவது காட்சி அதிகம் விரியும் பக்கத்தில் வைத்து ரொம்ப இருட்டாகத் திருப்பினால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி ஒரு கறை விழும். நானும் ஒருமுறை ஆசைப்பட்டு வாங்கி, இரண்டு மாதத்தில் அலமாரிக்குள் போட்டுவிட்டேன்.

வெயிலில்தான் எடுத்தாக வேண்டும் என்றால் காசில்லாத வழி ஒன்று இருக்கிறது. ட்ரைபாடில் கேமராவை அசையாமல் வைத்து, எஃப் 16-இல் 1/100 வினாடிப் படங்கள் பதினாறு எடுங்கள். ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். அடியில் இருப்பதற்கு ஒபாசிட்டி (அடுக்கு தன் கீழே இருப்பதை எவ்வளவு மறைக்கும் என்ற சதவீதம்) 100, அதற்கு மேல் இருப்பதற்கு 50, மூன்றாவதற்கு 33, நான்காவதற்கு 25, அதாவது நூறை அடுக்கின் எண்ணால் வகுத்துக்கொண்டே போங்கள். பதினாறு படமும் சமமாகக் கலந்து, தண்ணீர் மட்டும் வழுவழுப்பாகிவிடும். பாறை அப்படியே நிற்கும்.

அந்தப் பாறையைக் கொஞ்சம் கவனியுங்கள். எஃபெக்ட் படம் எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் எது நகர வேண்டும் என்றே யோசிக்கிறார்கள். எது நகரக் கூடாது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். கூர்மையான பாறை பக்கத்தில் இருந்தால்தான் தண்ணீர் பட்டாகத் தெரியும். இல்லாவிட்டால் அது வெறும் கலங்கல் படம். ட்ரைபாடில் வைத்ததும் லென்ஸில் இருக்கும் ஸ்டெபிலைசரை (கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் வசதி) அணைத்துவிடுங்கள். விரலால் அழுத்தாமல் 2 வினாடி டைமர் போடுங்கள். ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள்.

சரி, மலைப்பாதை. சேலத்திலிருந்து ஏற்காடு போகும் வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவிலேயே நின்று எடுத்தீர்கள் என்று நினைக்கிறேன், அந்தக் கண்கூசும் வெளிச்சம் அதனால்தான். வண்டி திரும்பும்போது ஹெட்லைட் நேராக லென்ஸுக்குள் பாய்கிறது. அது போக, இருட்டில் வளைவோரம் நிற்பதைவிட ஆபத்தான வேலை வேறு இல்லை. பஸ் டிரைவருக்கு நீங்கள் நிற்பதே தெரியாது. மேலே போய்விடுங்கள். லேடீஸ் சீட் காட்சிமுனை போன்ற இடத்திலிருந்து பார்த்தால் பாதை கீழே பாம்பாக வளைந்து கிடக்கும், அதற்கப்பால் சேலத்து விளக்குகள். ஹெட்லைட் உங்களைப் பார்க்காது, ரோட்டைத்தான் பார்க்கும். எத்தனை மணி வரை இருக்க விடுவார்கள் என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

நேரமும் முக்கியம். முழு இருட்டில் போனதால்தான் மலையே காணாமல் போய் கறுப்பு மட்டும் மிஞ்சியது. சூரியன் மறைந்த பிறகு இருபது முப்பது நிமிடம் வானம் அடர்நீலமாக இருக்கும். அந்த நேரத்தில் மலையின் விளிம்பும் தெரியும், விளக்குக் கோடும் விழும்.

இதில் பலருக்குப் பிடிபடாத ஒரு விஷயம் இருக்கிறது. ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்தால் கோடு பிரகாசமாகும் என்று நினைப்பார்கள். ஆகாது. வண்டி நகர்ந்துகொண்டே இருப்பதால் படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் அதன் விளக்கு ஒரு கணம்தான் விழுகிறது. ஷட்டரைக் கூட்டினால் கோடு நீளும், வானமும் மலையும் வெளுக்கும், ஆனால் கோட்டின் பிரகாசம் அப்படியே இருக்கும். அதை மாற்ற அப்பர்ச்சரையோ ஐஎஸ்ஓவையோதான் தொட வேண்டும். ஆகவே முதலில் கோட்டுக்காக அப்பர்ச்சர், பிறகு பின்னணிக்காக ஷட்டர். எஃப் 11, ஐஎஸ்ஓ 100, 20 வினாடி என்று ஆரம்பியுங்கள். கோடு மங்கலாக இருந்தால் எஃப் 8. மணிக்கு 20 கிலோமீட்டரில் ஏறும் பஸ் 20 வினாடியில் சுமார் 110 மீட்டர் போகும். அதற்கு மேல் கோடு வேண்டுமென்றால் ஷட்டரை நீட்டாதீர்கள். வரிசையாகப் பல படங்கள் எடுத்து, ஜிம்பில் ‘லைட்டன் ஒன்லி’ முறையில் (ஒவ்வொரு புள்ளியிலும் அதிக வெளிச்சமானதை மட்டும் வைத்துக்கொள்ளும்) அடுக்குங்கள். ஃபோகஸை வெளிச்சம் இருக்கும்போதே தூரத்தில் பிடித்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். இருட்டிய பிறகு ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருக்கும்.

மலை ஏற முடியாத நாளில் சேலத்தில் ஐந்து ரோடு பக்கம் ஓரமாக, பாதுகாப்பாக நின்று பேனிங் பழகுங்கள். 1/30 வினாடி, ஸ்டெபிலைசர் அணைத்து, முழங்கையை உடம்போடு ஒட்டி, இடுப்போடு திரும்பி டவுன் பஸ்ஸைப் பின்தொடர்ந்தபடியே க்ளிக். க்ளிக் விழுந்த பிறகும் திரும்புவதை நிறுத்தாதீர்கள். இங்கே நகராமல் நிற்க வேண்டியது பஸ், ஓட வேண்டியது கடை போர்டுகள். ஐம்பது எடுத்தால் மூன்று தேறும். எனக்கும் அவ்வளவுதான்.

உங்கள் லென்ஸில் செய்யக்கூடிய இன்னொரு விளையாட்டு, தூரத்து விளக்குகளை நட்சத்திரமாகவோ மாங்காயாகவோ மாற்றுவது. ஃபோகஸில் இல்லாத வெளிச்சப் புள்ளி லென்ஸ் துவாரத்தின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். கறுப்பு சார்ட் பேப்பரை வட்டமாக வெட்டி, நடுவில் வடிவத்தை வெட்டி லென்ஸ் முகப்பில் மாட்டினால் போதும். நிறையப் பேர் தோற்பது அளவில்தான். 55 எம்.எம்., எஃப் 5.6 என்றால் லென்ஸின் துவாரம் 10 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. வெட்டும் வடிவம் அதைவிடச் சிறியதாக, 7 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். பெரிதாக வெட்டினால் பழையபடி வட்டம்தான் வரும். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழா சீரியல் லைட் இதற்கென்றே போட்ட மாதிரி இருக்கும். கேமராவுக்குப் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தி அவர் முகத்தில் ஃபோகஸ் வையுங்கள்.

ஏற்காட்டுப் பனிமூட்டத்துக்கு எந்த ஃபில்டரும் வேண்டாம், அதுவே ஒரு ஃபில்டர். காபித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக மங்கிக்கொண்டே போவதை எடுக்கும்போது எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +1 வையுங்கள். வைக்காவிட்டால் கேமரா வெள்ளைப் பனியைச் சாம்பலாக்கிவிடும். தோட்டங்கள் தனியாருடையவை, கேட்டுவிட்டு உள்ளே போங்கள். மேலே குளிர்ந்துபோன கேமராவைச் சேலத்துக்கு இறங்கியதும் பையிலிருந்து வெளியே எடுக்காதீர்கள், கீழே இருக்கும் வெக்கைக் காற்று பட்டதும் கண்ணாடியில் ஈரம் பூக்கும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, ஒரு மணி நேரம் கழித்துத் திறங்கள். ஈரத்தோடு மூடி வைத்து ஒரு லென்ஸில் பூஞ்சை பிடிக்க விட்டவன் நான்.

கடைசியாக ஸ்டீல் வுல். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் எங்குமே வேண்டாம். பறப்பது வெறும் வெளிச்சம் இல்லை, எரிகிற இரும்பு. காய்ந்த புல்லில் ஒரு பொறி போதும். கோடையில் காட்டுத்தீ பற்றும் மலை அது.

நெருப்பு இல்லாமல் அதே வித்தையை உங்கள் பட்டறையிலேயே செய்யலாம், அதுவும் உங்களுக்குப் பிழைப்புக்கு உதவுகிற மாதிரி. வெள்ளி கண்ணாடி மாதிரி. எதிரே என்ன விளக்கு இருக்கிறதோ அதன் வடிவத்தையே காட்டும். அதனால்தான் டியூப்லைட்டில் எடுத்த கொலுசில் ஒரு வெள்ளைக் கீற்றும் மிச்சமெல்லாம் கறுப்புமாக விழுகிறது. கதவை மூடி இருட்டாக்குங்கள். கழுவித் துடைத்த கடப்பாக் கல் மேல் கொலுசை வையுங்கள். வெளிச்சத்தில் ஃபோகஸ் பிடித்து மேனுவலுக்கு மாற்றி, விளக்கை அணையுங்கள். எஃப் 8, ஐஎஸ்ஓ 100, 15 வினாடி. ஷட்டர் திறந்ததும் செல்போன் டார்ச்சின் மேல் ட்ரேசிங் பேப்பரைப் பிடித்து, கொலுசுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மெதுவாக நகர்த்துங்கள். நகரும் சின்ன விளக்கு கேமராவின் கணக்கில் ஒரு பெரிய ஜன்னலாகிவிடும், வெள்ளியில் வெளிச்சம் வழிந்த மாதிரி விழும். டார்ச் முகம் லென்ஸைப் பார்க்காத வரை உங்கள் கை படத்தில் வராது. சலங்கைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு வினாடி காட்டுங்கள். வெளிச்சம் அதிகமாகத் தெரிந்தால் டார்ச்சைக் கொஞ்சம் உயர்த்துங்கள். நாலைந்து முறையில் கை பழகிவிடும்.