கற்பனைத் தீவுக்கு மெய்யொலிகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் நாவலில் வரும் தீவு மக்களுக்கென ஒரு மொழி செய்துகொண்டிருக்கிறேன். ப, ட, ஜ, ஃப, ஷ, ஹ, ம, ங, ல, ழ, வ என்று 11 மெய்யொலிகள் வைத்தேன். 'ஜங்ழாஃப்', 'ட்ஷூழ்' போன்ற பெயர்களைப் படித்த நண்பர்கள், மனிதர் பேசும் மொழி மாதிரியே இல்லை என்கிறார்கள். எண்ணிக்கை போதாதா?

அன்புள்ள நண்பருக்கு,

எண்ணிக்கையில் குறையில்லை. ஹவாய் மொழிக்கு 8 மெய்யொலிகள்தான். நீங்கள் பிடித்த ஒலிகளைத் தனித்தனியாகப் பொறுக்கியிருக்கிறீர்கள், சிக்கல் அங்கேதான். மொழிகள் ஒலிகளை வரிசையாக வைத்துக்கொள்ளும். நம் நெடுங்கணக்கையே பாருங்கள்: க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம, ற-ன. காற்றை அடைக்கும் இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வல்லினம், ஒரு மெல்லினம்.

உங்களிடம் ட இருக்கிறது, த இல்லை. நாவை வளைத்து ஒலிக்கும் மொழியில் வளைக்காத ஒலியும் அநேகமாக இருக்கும். ங இருக்கிறது, அதைவிட எங்கும் காணப்படும் ந இல்லை, இணையான க-வும் இல்லை. ஜ ஒண்டியாக நிற்கிறது.

ஆகவே கட்டம் போடுங்கள். முதல் வரிசை ப, த, ட, க. அடுத்தது ம, ந, ண, ங. பிறகு ஃப, ஸ, ஹ. கடைசியில் வ, ய, ர, ல. மொத்தம் 15.

ஜ-வை விட்டுவிடச் சொல்வேன். அது தொண்டையில் குரல் அதிர எழும் ஒலி. 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள்: முதல் ப-வில் குரல் அதிர்வதில்லை, இரண்டாவதில் அதிர்கிறது. எழுத்து ஒன்றே. தமிழில் அச்சாகும் நாவலில் உங்கள் பெயர்களையும் வாசகர் இப்படித்தான் ஒலிப்பார். இந்த வேறுபாட்டை வைத்துச் சொற்களைப் பிரித்தால் அது உங்கள் குறிப்பேட்டோடு நின்றுவிடும். 'அவதார்' படத்துக்காக பால் ஃப்ராமர் உருவாக்கிய நாவி மொழியிலும், காற்றை அடைத்து விடும்போது குரலும் அதிரும் ஒலிகளின் வரிசை மொத்தமாகவே கிடையாது. ஒரு வரிசை முழுதாக இல்லாமலிருப்பது காதை உறுத்தாது.

அந்த வரிசை வேண்டும்தான் என்றால், அதிலிருந்து 'கங்கணம்' என்பதன் இரண்டாம் க-வை மட்டும் எடுத்துவிடலாம். தாய்லாந்து மொழியில் அதிரும் ப, த உண்டு, க இல்லை. காரணம் வாயிலேயே இருக்கிறது. உதட்டை மூடி, பம்பரத்தின் இரண்டாம் ப-வை நீட்டுங்கள். கன்னம் உப்பி இடம் கொடுப்பதால் குரல் கொஞ்சநேரம் நிற்கும். க-வில் அடைப்புக்குப் பின்னால் இடம் குறைவு. காற்று சீக்கிரம் நிரம்பி அதிர்வு நின்றுவிடும். இடைவெளி விடுவதானால் இப்படிக் காரணமுள்ள இடத்தில் விடுங்கள்.

ழ-வையும் ஷ-வையும் இழக்க மனம் வராது என்று புரிகிறது. இழக்க வேண்டியதில்லை. இ-க்கு முன் வரும் ஸ, ஜப்பானிய மொழியில்போல ஷ-வாகட்டும். இரண்டு உயிர்களுக்கு நடுவே ட மெலிந்து ழ-வாகட்டும். சொல்லின் தொடக்கத்தில் ட, நடுவில் ழ என்று வரும்போது மொழிக்கு ஒரு பழமை வந்துவிடும்.

இனி இடங்கள். ங சொல்லின் தொடக்கத்தில் வேண்டாம். ஃப சொல்லின் கடைசியில் வேண்டாம். இரண்டு மெய்கள் சேர்ந்து வருவது நடுவில் மட்டும், அதுவும் மூக்கொலியும் அதன் இணை வல்லினமுமாக.

இத்தனைக்குப் பிறகும் பெயர்கள் இயந்திரம் துப்பியதுபோல் இருந்தால், எல்லா ஒலிகளையும் சம அளவில் இறைத்திருப்பீர்கள். 100 மெய்கள் எழுதினால் ந, த, க மூன்றும் சேர்ந்து 40 வரட்டும். ஃப இரண்டோ மூன்றோ போதும். 'ஜங்ழாஃப்' இப்போது 'தங்காழு' ஆகலாம், 'ட்ஷூழ்' 'டாஷிந்த' ஆகலாம். இதே முறையில் 30 பெயர்கள் எழுதி, அதே நண்பர்களிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர்கள் நாக்கு தடுக்கும் பெயர்களை மட்டும் திருத்துங்கள்.