ஊரே இல்லை, மேயர் உண்டு!

கேள்வி: பிரான்ஸில் ஒருவர்கூடக் குடியில்லாத கிராமத்துக்கு மேயர் இருக்கிறாராமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். வெர்டன் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் ஃப்ளெரி அப்படிப்பட்ட ஊர். முதல் உலகப் போருக்கு முன் அங்கே 422 பேர் வாழ்ந்தார்கள். 1916 பிப்ரவரி 21-ல் ஜெர்மன் பீரங்கிகள் முழங்கத் தொடங்கியதும் ஊர் காலியானது. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை அது 16 தடவை கைமாறியது. ஆகஸ்ட் 18-ல் பிரெஞ்சுப் படை கடைசியாகப் பிடித்தபோது, தெரு எது, வீடு எது என்று சொல்லவே வழியில்லை.

வெர்டன் பகுதியில் இப்படி அழிந்த ஊர்கள் ஒன்பது. ‘பிரான்ஸுக்காக உயிர்நீத்தவை’ என்று அறிவித்து அரசு அவற்றைக் கௌரவித்தது. ஃப்ளெரியின் பெயர் இன்றும் அரசுப் பதிவேட்டில் இருக்கிறது. வாக்காளரே இல்லாததால் தேர்தல் கிடையாது. மாவட்ட நிர்வாகத் தலைவர் மூவர் குழுவை நியமிப்பார். குழுத் தலைவர்தான் மேயர்.

கேள்வி: திரும்பக் கட்டியிருக்கலாமே?

பதில்: கட்டடம் பிரச்சினை இல்லை, மண்தான் பிரச்சினை. வெடிக்காத குண்டுகள், விஷவாயுக் குண்டுகள், புதையுண்ட சடலங்கள். அதைச் சுத்தம் செய்ய ஆகும் செலவு நிலத்தின் விலையைத் தாண்டியது. ‘சிவப்பு மண்டலம்’ என்று ஒதுக்கி, நிலத்தை அரசே வாங்கிப் பைன் மரம் நட்டது.

கேள்வி: சுற்றிப் பார்க்கப் போகலாமா? ஆபத்தா?

பதில்: தாராளமாகப் போகலாம், பாதையை விட்டு இறங்காதவரை. பழைய ரயில் நிலையம் இருந்த இடத்தில் 1967 முதல் போர் அருங்காட்சியகம் இயங்குகிறது, அங்கிருந்து தொடங்குங்கள். காட்டுக்குள் தரை முழுக்கக் குண்டுக்குழிகள், அவற்றின் மேல் புல் மூடியிருக்கும். அங்கங்கே சிறு பலகைகள்: இங்கே பள்ளி, இங்கே ரொட்டிக்கடை. மாதாகோயில் இருந்த இடத்தில் ஒரு சிற்றாலயம்.

குளிர்காலத்தில் மண்ணிலுள்ள ஈரம் உறைந்து உப்பும்; அப்போது புதைந்த குண்டு கொஞ்சங்கொஞ்சமாக மேலே வரும். துருப்பிடித்ததுதானே என்று தொட்டுவிடாதீர்கள். துருவில் கரைவது ஓடுதான், உள்ளிருக்கும் மருந்து அல்ல. பிரெஞ்சுக் குண்டுகளில் அடைத்த பிக்ரிக் அமிலம் உலோகத்தோடு சேர்ந்தால் லேசான உராய்வுக்கே வெடிக்கும் உப்பாகிவிடும். வாயுக் குண்டானால், ஓடு அரித்த இடத்தில் கசியும். குண்டு ஏதும் கண்ணில் பட்டால் உதைக்காமல், நகர்த்தாமல், இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு வந்த வழியே விலகி அவசர உதவி எண் 112-க்குச் சொல்லுங்கள். மெட்டல் டிடெக்டரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அனுமதியில்லாமல் தேடினால் சட்டப்படி குற்றம். தோண்டினால் கிடைப்பது இரும்பு மட்டுமல்ல. 2013-ல் இதே ஃப்ளெரியில் 26 சிப்பாய்களின் எலும்புகள் வெளிப்பட்டன.