ஜூரி அழைப்பாணையும் கஜுப் பெட்டியும்

கேள்வி (சுருக்கம்): வெள்ளவத்தையில் மாடிக் குடியிருப்பு ஒன்றில் இருக்கிறேன், வயது 44, தனியார் கம்பனி ஒன்றில் கணக்காளர். கொழும்பு மேல் நீதிமன்றத்தில் ஒரு கொலை வழக்குக்குத் தமிழ் பேசும் ஜூரிக்காக வரச் சொல்லி அழைப்பாணை வந்திருக்கிறது. கொண்டுவந்து தந்தவர் மனைவியிடம் அதட்டலாகச் சிங்களத்தில் பேசியதில் அவள் அன்று முழுக்க அழுதாள். 2008இல் என்னைச் சுற்றிவளைப்பில் பிடித்து ஓர் இரவு ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள்; அதிலிருந்து பொலிஸ், கோர்ட் என்றாலே உடம்பு நடுங்கும். மனேஜர் லீவு தரமாட்டேன் என்கிறார். ஒருவனைத் தூக்குக்கு அனுப்பும் பாவம் எனக்கு வேண்டாம். தமிழ் எம்.பி. ரவிராஜின் கொலை வழக்கில் ஜூரி என்ன செய்தது என்று பார்த்தோமே, இப்படி ஒரு முறைக்கு நான் ஏன் போக வேண்டும்? எப்படியாவது தப்ப வழி கேட்டு மைத்துனர் அழைப்பாணையைப் படம் எடுத்து ஊர்ச் சங்க வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார், ஒருவரும் உருப்படியாகச் சொல்லவில்லை. போன கிழமை அம்மாவின் ஊர்க்காரர் ஒருவர், எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) சொந்தக்காரராம், ஒரு பெட்டி கஜுவோடு வந்து 'நம்மட பிள்ளை, பார்த்துச் செய்யுங்கோ' என்று சொல்லிவிட்டுப் போனார். மெடிக்கல் கொடுத்துத் தப்பலாமா? அல்லது தமிழ் சரியாகத் தெரியாது என்று சொல்லலாமா? எனக்குப் பதிலாகத் தம்பியை அனுப்பலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கத்தை நான் ஒதுக்கி வைத்துவிட்டேன். மனைவியை அதட்டியவர் மீது முறைப்பாடு செய்யலாம், ஆனால் அதனால் அழைப்பாணை செல்லாமல் போகாது. 2008 நடந்தது கொடுமைதான், அந்த இரவுக்காக இன்று உங்களுக்கு விலக்குத் தர ஒரு விதியும் இல்லை. தூக்குப் பயமும் தேவையில்லை; தண்டனை விதிப்பது நீதிபதி, ஜூரி சொல்வது குற்றவாளியா இல்லையா என்பது மட்டும், அதோடு 1976க்குப் பிறகு இந்த நாட்டில் நீதிமன்றத் தீர்ப்பின்படி யாரையும் தூக்கிலிடவில்லை. ரவிராஜ் வழக்கில் 2016 டிசம்பரில் நள்ளிரவு கடந்து வந்த அந்த விடுதலை பற்றி எனக்கும் நிறையக் கருத்து உண்டு, நேரில் வந்தால் ஒரு மணித்தியாலம் பேசுவேன். உங்கள் அழைப்பாணைக்கு அது பதிலாகாது. தமிழ் தெரியாது என்கிற யோசனையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நான்கு பக்கம் பிழையில்லாத தமிழில் எழுதிய ஆள் நீங்கள்.

மெடிக்கலுக்கும் போகாதீர்கள். உண்மையில் வருத்தம் இருந்தால் அரசாங்க வைத்தியசாலைக் காகிதத்தோடு போய்ச் சொல்லுங்கள், கேட்பார்கள். தெருமுனை டிஸ்பென்சரியில் வாங்கிய 'முதுகு வலி' சான்றிதழை நீட்டினால், கையெழுத்துப் போட்ட டொக்டரையே வரச் சொல்ல நீதிபதியால் முடியும். அந்த டொக்டர் உங்களுக்காகப் பொய் சொல்லிக்கொண்டு கூண்டில் நிற்பார் என்று நம்பாதீர்கள். உங்களுக்குப் பதிலாகத் தம்பியை அனுப்புவது இன்னும் மோசம். ஆள்மாறாட்டம் செய்து ஜூரியில் உட்காருவது தண்டனைச் சட்டக்கோவையில் தனிக் குற்றம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, அதைத்தான் நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எதிரியின் ஆள் வீட்டுக்கு வந்து, பொருள் தந்து, வழக்கைப் பற்றிப் பேசிவிட்டுப் போயிருக்கிறார்.

அவர் எப்படி உங்களைக் கண்டுபிடித்தார் என்று யோசித்தீர்களா? நம் நாட்டில் ஜூரி என்பது தானாக வருவதில்லை, கொலை போன்ற பெரிய குற்றங்களில் எதிரி கேட்டால் மட்டுமே ஜூரி, எந்த மொழி பேசும் ஜூரி என்பதும் அவர் தெரிவுதான். (இந்தியாவில் இந்த முறை எப்போதோ போய்விட்டது, படங்களில் பார்த்ததை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இங்கே 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.) ஆகவே தமிழ் ஜூரி கேட்டவர்களுக்கு நீதிமன்றமும் தெரியும், திகதியும் தெரியும். பெயரும் விலாசமும்தான் தெரியாமல் இருந்தது. அதை உங்கள் மைத்துனர் குழுவில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

ஒரு ஆளுக்காக ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்பீர்கள். ஜூரியில் இருப்பது ஏழு பேர், குறைந்தது ஐந்துக்கு இரண்டு என்றாவது வந்தால்தான் முடிவு. ஐந்து பேரில் ஒருவர் மனம் மாறினால் நாலுக்கு மூன்று, அது தீர்ப்பே அல்ல, ஜூரியைக் கலைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பல வருடம் இழுபட்ட கொலை வழக்கில் இன்னொரு முறை இழுபடுவதே சிலருக்குப் போதும், அதற்குள் சாட்சிகள் வெளிநாடு போய்விடுவார்கள், சிலர் செத்தும் போவார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து உங்களுக்கு. பேசாமல் இருந்துவிடுவோம், அழைக்கப்பட்டவர்களில் ஏழு பேரைத் தெரியும் குலுக்கலில் என் பெயர் வராமலும் போகலாம் என்று நினைக்கிறீர்கள் இல்லையா? எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பெயர் வந்துவிட்டது, சத்தியமும் செய்துவிட்டீர்கள் என்று வையுங்கள். நீங்கள் நேர்மையாகக் 'குற்றவாளி' என்று சொன்னால் மேன்முறையீட்டில் எதிரி தரப்பே எழுந்து, இந்த ஜூரர் எங்கள் ஆளைச் சந்தித்தார், பொருள் வாங்கினார், நீதிமன்றத்துக்கு மறைத்தார், ஆகவே தீர்ப்பு செல்லாது என்று சொல்லும். 'குற்றவாளி அல்ல' என்று சொன்னால், அதுவும் நேர்மையாகவே சொன்னால்கூட, செத்தவரின் வீட்டார் காதுக்கு இந்தக் கதை எட்டுகிற நாளில் உங்கள் பெயரில் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு போகும். இரண்டு பக்கமும் அடிபடுகிறவர் நீங்கள்தான். வந்தவர் உங்கள் மனத்தை மாற்ற வந்தார் என்று நான் நினைக்கவில்லை. கையில் ஒரு பொருளைத் திணித்துவிட்டுப் போக வந்திருக்கலாம், அது அவர்களுக்கு எப்படியும் பயன்படும்.

ஒருவருக்கும் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். வெள்ளவத்தையில் மாடிக் குடியிருப்பு என்கிறீர்கள். கேற்றில் செக்கியூரிட்டி வைத்திருக்கும் அந்த நீலமட்டைக் கொப்பியை அடுத்த முறை திறந்து பாருங்கள். வந்தவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், வந்த நேரம், போன நேரம், யார் வீட்டுக்கு என்பதெல்லாம் அவர் கையெழுத்திலேயே இருக்கும். லிஃப்டில் கமராவும் இருக்கும்.

என்னிடம் வந்த ஒருவரின் கதை இதில் பாதி பாரதூரம்கூட இல்லை. கொட்டாஞ்சேனைக்காரர், ஜூரியில் இருந்தவர், மதியச் சாப்பாட்டு இடைவேளையில் புதுக்கடைக் கோர்ட் வாசலுக்கு எதிரே ஒரு தேநீர்க் கடையில் இடமில்லாமல் ஒரு மேசையில் போய் உட்கார்ந்தார். எதிரே இருந்தவர் அன்று காலையில் கூண்டில் ஏறிய சாட்சி. இருவரும் பிளேன்டீ குடித்தார்கள், சாட்சி தன் தட்டிலிருந்த வடையில் ஒன்றை இவர் பக்கம் தள்ளினார், இவர் மரியாதைக்கு எடுத்தார். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்று என் முன்னால் அழுதார், நான் நம்பினேன். ஆனால் கடையில் இருந்த யாரோ எதிரியின் சட்டத்தரணியிடம் சொல்லிவிட்டார்கள். மறுநாள் ஜூரி கலைந்தது, அதுவரை கேட்ட சாட்சியமெல்லாம் வீண், இவர் விளக்கம் சொல்ல சட்டத்தரணி வைத்துக்கொண்டு நின்றார். அன்று மாலையே நீதிமன்றப் பதிவாளரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது. இன்றைக்கே ஒரு கடிதம் எழுதுங்கள், மேல் நீதிமன்றப் பதிவாளருக்கு. யார் வந்தார், எந்தத் திகதி, எத்தனை மணிக்கு, என்ன சொன்னார், நீங்கள் என்ன சொன்னீர்கள். இந்தக் கடைசி விஷயத்தை எனக்கு எழுதவே இல்லை, அது எனக்கு உறுத்துகிறது. தலையாட்டினீர்களா, சிரித்தீர்களா, 'பார்ப்பம்' என்றீர்களா, எதுவானாலும் உள்ளபடி எழுதுங்கள். அழகுபடுத்தினால் பிறகு மாட்டுவீர்கள். தமிழில் எழுதி, சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு பிரதியும் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் மொழிபெயர்ப்புக்கென்று மேசையில் கிடக்கும். நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். எதிரியின் சட்டத்தரணியிடமோ, சட்டமா அதிபர் திணைக்களத்தில் தெரிந்தவர் என்று யாரிடமோ, பொலிஸில் இருக்கும் நண்பரிடமோ இதைக் கொண்டுபோகாதீர்கள்.

கஜுப் பெட்டியைத் திறக்க வேண்டாம், திருப்பிக் கொடுக்கவும் போக வேண்டாம். திருப்பிக் கொடுக்கப் போனால் அது இரண்டாவது சந்திப்பு. ஏற்கனவே சாப்பிட்டாயிற்றென்றால் அதையும் கடிதத்தில் எழுதுங்கள்.

திகதியன்று கட்டாயம் போங்கள். கடிதம் கொடுத்துவிட்டேன் என்று வீட்டில் இருந்தால் அழைப்பாணையை மதிக்காத குற்றம் தனியாக வந்து சேரும். உங்கள் பெயரைக் கூப்பிட்டால், சத்தியம் செய்வதற்கு முன்பே, நீதிபதியிடம் தனியாக ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது, பதிவாளருக்கு எழுதியிருக்கிறேன் என்று மட்டும் சொல்லி நிறுத்துங்கள். பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். நேர்மையாக இருக்கிறேன் என்று நினைத்து, எதிரியின் ஆள் என் வீட்டுக்கு வந்தார் என்று திறந்த மன்றில் உரக்கச் சொல்லிவிடுவார்கள், அதைப் பக்கத்தில் நிற்கும் மற்ற ஜூரர்கள் எல்லாரும் கேட்டுவிட்டால் அவர்களையும் வைத்திருக்க முடியாத நிலை வரும். பெரும்பாலும் உங்களை விட்டுவிடுவார்கள், பக்கச்சார்பு சந்தேகம் என்பது ஜூரரை ஆட்சேபிக்கச் சட்டமே ஒப்புக்கொண்ட காரணம். நீங்கள் தேடிய வழியும் அதுதான், பொய் மெடிக்கல் இல்லாமலே கிடைக்கிறது. கொலையைப் பற்றியே ஊரில் ஏதாவது கேள்விப்பட்டிருந்தால், எதிரியையோ செத்தவரையோ நேரில் தெரிந்திருந்தால், அதையும் நீதிபதியிடம் சொல்லிவிட வேண்டும். அது ஜூரரின் கடமை, அதற்காக உங்களைச் சாட்சியாக்கி விசாரிக்கவும் முடியும்.

மனேஜர் விஷயத்தில் சண்டை வேண்டாம். தொழில் திணைக்களம், முறைப்பாடு என்று கிளம்பினால் ஜூரி வேலை முடிந்த பிறகும் அந்தச் சண்டை முடியாது. அழைப்பாணைப் பிரதியைக் கொடுத்து, வருடாந்த லீவில் கழித்துக்கொள்ளுங்கள் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். இரண்டு மூன்று நாள் லீவு போவதோடு தீரட்டும்.

அந்த வாட்ஸ்அப் படத்தை மைத்துனரிடம் சொல்லி அழிக்கச் சொல்லாதீர்கள், இப்போது அழித்தால் மறைத்த மாதிரி இருக்கும். குழுவில் விளக்கமும் எழுத வேண்டாம். யார் யார் என்ன பதில் போட்டார்கள் என்று தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷொட் எடுத்து, அச்செடுத்து, பதிவாளருக்குப் போகிற கடிதத்தோடு பின் பண்ணுங்கள்.